தபாற் பாடமும் வலைப்பக்கமும்

ஆசிரியர் ஓரிடத்தில் இருக்கின்றார்; மாணவர் வேறோரிடத்தில் இருக்கின்றார். இருவருக்கும் இடையே மலையும் கடலும் கிடக்கின்றன. இவ்வாறு பெறும் கல்வி முழுமையான கல்வியாகுமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. இக்காலத்திற் பலர் தொலைவிலுள்ள கல்லூரியொன்றிற் பெயரைப் பதிந்து, வீட்டிலே கணினியின் முன் அமர்ந்து, வலைப்பக்கம் அமைக்கும் குறிமொழியைப் பயில்கின்றனர். புதுமையாகத் தோன்றும் இம்முயற்சிக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

1728ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் பத்திரிகையொன்றில், காலேப் பிலிப்ஸ் என்பார் ஒரு விளம்பரம் வெளியிட்டார். நாட்டுப்புறத்தில் வாழ்வோரும் வாரந்தோறும் பாடங்களைப் பெற்றுச் சுருக்கெழுத்துக் கற்கலாம் என்பதே அதன் சாரம். பாடம் அனுப்பப்படும் என்று சொன்ன அவ்விளம்பரம், மாணவர் எழுதியதைத் திருத்துவது பற்றி யாதும் சொல்லவில்லை.

அக்குறை இங்கிலாந்திலே நீங்கிற்று. 1837இல் தமது சுருக்கெழுத்து முறையை வெளியிட்ட ஐசாக் பிற்மன், 1840இல் அந்நாடெங்கும் ஒரு பென்னித் தபால் வந்ததும் அதனைத் தமக்கு வாய்ப்பாகக் கொண்டார். பாடத்தைத் தபாலில் அனுப்பினார். மாணவர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினர். அவை பிழை திருத்தப்பட்டு மீண்டும் அவர்களை அடைந்தன. பாடம் ஒரு வழியாகப் போவது மட்டும் கல்வியன்று. மாணவரின் பயிற்சி ஆசிரியரிடம் வந்து, திருத்தம் பெற்றுத் திரும்புவதே கல்வி. தொலைக்கல்வியின் உயிர்நிலை இதுவே எனலாம்.

1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் தனது பட்டத் தேர்வுகளைக் கல்லூரிக்கு வராதோருக்கும் திறந்துவிட்டது. அதன் பயனை நமது நாடும் நன்கு அறியும். 1921இற் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் தேர்வுகளுக்கே தோற்றினர். ஆயினும் கல்லூரி வாய்ப்பில்லாத புற மாணவருக்கு இலண்டன் தேர்வு வைத்ததேயன்றிப் பாடம் நடத்தவில்லை. 1969இற் சாசனம் பெற்று 1971இற் கற்பிக்கத் தொடங்கிய பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், அச்சுநூல், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றோடு, ஒப்படைகளைத் திருத்தும் ஆசிரியரையும் மாணவருக்கு அளித்தது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் அமைந்தது.

இனி, வலைப்பக்கத்தின் கதைக்கு வருவோம். 1989இல், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய ரிம் பேணேர்ஸ்-லீ, ஆய்வாளரின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். அதிலிருந்து பிறந்ததே உலகளாவிய வலை. அதன் பக்கங்களை எழுத அவர் வகுத்த எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி மிக எளிது. இது தலைப்பு, இது பந்தி, இது இணைப்பு என்று எழுத்தின் இரு பக்கத்திலும் குறியிடுவதே அதன் இயல்பு. 1993 ஏப்ரல் 30ஆந் திகதி, இந்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது.

இக்குறிமொழிக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. எந்தப் பக்கத்தைக் கண்டாலும், அதன் பின்னுள்ள குறிகளைத் திறந்து பார்க்கலாம். ஆகவே வலைப்பக்கமே அதனைக் கற்பிக்கும் பாடநூலுமாயிற்று. அவ்வாறாயின், கல்லூரியும் ஆசிரியரும் எதற்கு என்று நேயர்கள் வினவலாம்.

விடை அக்குறிமொழியின் மென்மையிலேயே உள்ளது. வலைப்பக்கத்தைக் காட்டும் உலாவி, பிழை பொறுக்கும் இயல்புடையது. தடித்த எழுத்துக்குரிய குறியைத் தொடங்கி முடிக்க மறந்தால், பின்வரும் எழுத்தெல்லாம் தடித்துவிடும். மாணவர் அதனைக் கண்டு தாமே திருத்துவார். ஆனால், தலைப்புக்குரிய குறியை இடாது எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், திரையில் யாதொரு குறையுந் தோன்றாது. படத்துக்கு எழுத்து விளக்கம் சேர்க்காவிட்டாலும் பக்கம் அழகாகவே இருக்கும். குறை யாருக்குத் தெரியும்? கண்பார்வை அற்றவர், பக்கத்தை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானின் துணையோடு அதனை அணுகும்போது, தலைப்புக்குத் தலைப்பாகத் தாவ வழியின்றித் திகைப்பார். படம் இருந்தும், அது யாதென அறியார்.

2011இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியரொருவரும் அவரது துணைவரும் செயற்கை நுண்ணறிவு பற்றி நடத்திய இணையப் பாடத்திற் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவரோ ஏறத்தாழ 23,000 பேரே. அத்துணைப் பேரின் விடைகளையும் ஆசிரியர் கண்ணால் நோக்குதல் இயலாது. இயந்திரமே மதிப்பிடல் வேண்டும். படத்துக்கு விளக்கம் உண்டா என்பதை இயந்திரம் நொடியிற் கண்டுகொள்ளும். அவ்விளக்கம் படத்தைக் காணாதவர் மனத்தில் அதனை எழுப்புமா என்பதை உணர்தற்கு, பொறுமையோடு படித்துப் பார்க்கும் ஆசிரியர் வேண்டும்.

ஆதலின், இத்தகைய பாடமொன்றிற் சேர விழைவோர் கட்டணத்தையும் சான்றிதழையும் விசாரிப்பதற்கு முன்னர், "என் பயிற்சியை யார் படித்துத் திருத்துவார்?" என்று கேட்டறிதல் நலம். பிற்மன் காலத்துத் தபால்காரர் சுமந்து வந்த திருத்தத் தாளின் மதிப்பு இன்றும் குறையவில்லை. இப்பேச்சைக் காதால் மட்டும் கேட்கும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் பக்கம், காதுக்கும் பொருள் தருமாறு அமைதல் வேண்டும். அதனைக் கற்றவரே வலைப்பக்கம் எழுதக் கற்றவராவர்.