ஆங்கில மரபுத்தொடர்கள் பிறந்த கதைகள்

1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கொரிய யுத்தம் உக்கிரமடைந்திருந்த வேளை. இம்ஜின் ஆற்றங்கரையில் நிலைகொண்டிருந்த பிரித்தானியாவின் 29ஆவது பிரிகேட் மீது சீனப் படைகள் அலையலையாகப் பாய்ந்துகொண்டிருந்தன. அதில் இடம்பெற்றிருந்த குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்டின் முதலாவது பட்டாலியன், 235 என இலக்கமிடப்பட்ட குன்றின் மீது நாலாபுறமும் சுற்றிவளைக்கப்பட்டிருந்தது.

நிலைமை எப்படியுள்ளது என்று மேலதிகாரியான அமெரிக்க ஜெனரல் ரொபேர்ட் சோல் கேட்டார். 'எ பிட் ஸ்டிக்கி' என்று பிரித்தானிய பிரிகேடியர் தோமஸ் பிரோடி பதிலளித்ததாகச் சொல்லப்படுகிறது. அகராதியைப் புரட்டினால் 'ஸ்டிக்கி' என்பதற்குப் பிசுபிசுப்பானது, ஒட்டிக்கொள்வது என்றே பொருள் காணலாம். ஆனால் எதையும் குறைத்துச் சொல்லிப் பழகிய ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வாயிலிருந்து அத்தொடர் வந்தால், 'நிலைமை கைமீறிவிட்டது' என்று அர்த்தம். அமெரிக்கரோ, சற்றுச் சிரமம்தான், ஆனால் சமாளித்துக்கொள்வார்கள் என்று விளங்கிக்கொண்டார். உரிய நேரத்தில் பின்வாங்கும் உத்தரவு கிடைக்கவில்லை. அந்தப் பட்டாலியனைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். அந்த அழிவுக்கு வேறு இராணுவக் காரணங்களும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஒரு மரபுத்தொடர் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படுவது இச்சம்பவமே.

இங்கு பேசியவரின் தாய்மொழியும் ஆங்கிலம், கேட்டவரின் தாய்மொழியும் ஆங்கிலம். அவர்களுக்கே இந்தக் கதியென்றால், நன்னூல் படித்த கையோடு ஆங்கில இலக்கணத்தையும் நெட்டுருப் பண்ணிய எங்களைப் போன்றவர்களின் நிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் வெளிநாட்டுச் செய்திகள் யாவும் தொலைஅச்சுப் பொறியில் ஆங்கிலத்திலேயே வந்து குவியும். நள்ளிரவுக்குள் அவற்றைத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பியாகவேண்டும். இலக்கணம் எங்களைக் கைவிட்டதில்லை. அகராதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடறியதெல்லாம் இந்த மரபுத்தொடர்களில்தான். எங்கள் ஆசிரியபீடத்திலிருந்த மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் அடிக்கடி ஒரு வார்த்தை சொல்லுவார்: "தம்பி, சொல்லைப் பாராதையும், அது பிறந்த இடத்தைப் பாரும்." ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பதற்கு இதைவிட நல்ல வழியொன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. அவற்றுட் பல, உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தின் எச்சங்கள். சம்பவம் தெரிந்தால் பொருள் தானாகவே மனதில் பதிந்துவிடும்.

'டேர்ன் எ பிளைண்ட் ஐ' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். கண்டும் காணாததுபோல் இருத்தல் என்று நாம் சொல்வது இதைத்தான். இத்தொடர் நெல்சனுக்கு முன்னரே வழக்கில் இருந்திருக்கக்கூடும் என்றாலும், மக்கள் மனதில் நிலைத்தது அவருடைய கதையாலேயே. 1794இல் கோர்சிக்காத் தீவின் கல்வி என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவர் வலது கண்ணின் பார்வையை இழந்தார். 1801 ஏப்ரல் 2ஆம் திகதி கோப்பன்ஹேகன் கடற்போரின்போது, சண்டையை நிறுத்துமாறு தலைமைத் தளபதி சேர் ஹைட் பார்க்கர் கொடி சமிக்ஞை காட்டினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்துக்கொண்டு, அப்படியொரு சமிக்ஞை தமக்குத் தெரியவில்லை என்றாராம். போர் தொடர்ந்தது, வெற்றியும் கிட்டியது. தோற்றிருந்தால் அவர் இராணுவ நீதிமன்றத்தில் நின்றிருப்பார். இத்தொடரும் வேறுவிதமாக நினைவுகூரப்பட்டிருக்கும்.

'ஹொப்சன்ஸ் சொய்ஸ்' என்பது பலரும் பிழையாகக் கையாளும் தொடர். இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை என்று இதனைக் கருதுவோர் உளர். அது சரியன்று. 1631இல் காலமான தோமஸ் ஹொப்சன், கேம்பிரிட்ஜ் நகரில் வாடகைக்குக் குதிரை கொடுத்து வந்தவர். பல்கலைக்கழக மாணவர்கள் எப்பொழுதும் வேகமான குதிரைகளையே கேட்டு வாங்கி, அவற்றை ஓட்டி ஓட்டிக் களைக்கவைத்துவிடுவார்கள். ஆகவே அவர் ஒரு விதி வகுத்தார். வாசலுக்கு மிக அருகில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்கவேண்டும், இல்லையேல் நடந்து போகவேண்டும். திரும்பிவந்த குதிரை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். தெரிவு இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் எந்தத் தெரிவும் இல்லாத நிலைதான் ஹொப்சனின் தெரிவு. ஒரேயொரு வேட்பாளர் மட்டும் போட்டியிடும் தேர்தலுக்கு இது பொருந்தும். இரண்டு தீயவர்களில் ஒருவரைத் தெரிவுசெய்யும் தேர்தலுக்குப் பொருந்தாது.

பிள்ளைகளைப் பெற்றோர் அதட்டி எச்சரிப்பதை ஆங்கிலேயர் 'ரீட் த ரயட் அக்ட்' என்பர். இதுவும் வெறும் உவமை அன்று. பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கலகம் விளைவிக்கும் வகையில் கூடினால், அதிகாரி ஒருவர் கலைந்து செல்லும்படி பிரகடனத்தை உரத்து வாசிப்பார். வாசித்து ஒரு மணித்தியாலத்துக்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. அச்சட்டம் 20ஆம் நூற்றாண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் கண்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இத்தொடரை விளங்கிக்கொள்ளப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இவை எல்லாவற்றிலும் தமிழர் வரலாற்றோடு நேரடியாகப் பிணைந்த ஒரு சொல் உண்டு. அதுதான் 'பொய்கொட்'. இது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. சார்ள்ஸ் பொய்கொட் என்பவர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் காணிகளை நிர்வகித்த முகவர். விளைச்சல் பொய்த்த காலத்தில் குத்தகையைக் குறைக்குமாறு விவசாயிகள் கேட்டனர். உடன்பாடு ஏற்படவில்லை, குடியெழுப்பும் நடவடிக்கை தொடங்கியது. 1880 செப்டெம்பர் 19ஆம் திகதி என்னிஸ் நகரில் உரையாற்றிய ஐரிஷ் தலைவர் பார்னல், குடியெழுப்பப்பட்டவனின் காணியை எடுப்பவனை அடிக்கவேண்டாம், கொல்லவேண்டாம், ஊரே ஒதுக்கிவைக்கட்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அடுத்த சில நாட்களில் அந்த ஆயுதம் பொய்கொட் மீது பாய்ந்தது. வேலையாட்கள் விலகினர். கடைக்காரர் சாமான் கொடுக்க மறுத்தனர். கடிதம் கொண்டுவரவும் ஆளில்லை.

இறுதியில் அல்ஸ்டர் பகுதியிலிருந்து சுமார் 50 பேர் அறுவடைக்காகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைப் பாதுகாக்க வந்த படையினரும் பொலிஸாரும் ஏறத்தாழ ஆயிரம் பேர். சுமார் 500 பவுண் பெறுமதியான விளைச்சலை எடுப்பதற்கு 10,000 பவுண் வரை செலவாயிற்று. அவ்வாண்டு டிசெம்பர் முதலாம் திகதி பொய்கொட் அயர்லாந்தை விட்டே புறப்பட்டார். ஆனால் அவருடைய பெயர் மூன்றே மாதங்களில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது.

அந்தச் சொல் 50 ஆண்டுகளில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. டொனமூர் அரசியல் யாப்பு முழுமையான சுயாட்சியை வழங்கவில்லை என்ற காரணத்தை முன்வைத்து, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அறைகூவியது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அது சரியா பிழையா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. தமிழகத்தார் புறக்கணிப்பு என்று சொல்லும்போது, நாம் இன்றும் பகிஷ்கரிப்பு என்றே எழுதுகிறோம். எத்தனை பகிஷ்கரிப்புகளைக் கண்ட சமூகம் நாம்! அவற்றின் பின்னால் மேயோ மாவட்டத்துக் குத்தகைக்காரர்கள் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பு மேசையில் எங்களைச் சோதித்த வேறு தொடர்களும் உண்டு. 1946 மார்ச் 5ஆம் திகதி அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் சேர்ச்சில் ஆற்றிய உரையால் 'இரும்புத்திரை' உலகெங்கும் பரவியது. அச்சொல் அதற்கு முன்னரே நாடக அரங்கில் இருந்தது. மேடையில் தீப்பிடித்தால் பார்வையாளரைக் காப்பதற்காக இறக்கப்படும் இரும்பாலான திரை அது. அடுத்த ஆண்டு பரவலான 'கோல்ட் வோர்' என்பதைத் தமிழகத்தார் பனிப்போர் என்றனர். இலங்கைப் பத்திரிகைகளும் பாடநூல்களும் கெடுபிடி யுத்தம் என்றே எழுதின. எங்களுடையதே சிறந்தது என்பது என் எண்ணம். வெயிலில் வாடும் நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையின் இதம் நினைவுக்கு வரும். கெடுபிடி என்றதும், துப்பாக்கி வெடிக்காமலே மூச்சுமுட்டவைக்கும் நெருக்குதல் தெரிகிறதல்லவா? அங்கே சொல் பெயர்க்கப்பட்டது, இங்கே நிலைமை பெயர்க்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இணையத்தில் உலவும் எல்லாப் பிறப்புக் கதைகளும் உண்மையல்ல. பெருமழையை 'கெட்ஸ் அண்ட் டோக்ஸ்' என்று சொல்வதற்குக் காரணம், அக்காலத்தில் கூரை வேய்ந்த வைக்கோலில் படுத்திருந்த பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்ததுதான் என்றொரு கதை 1999இல் மின்னஞ்சல் வழியாகப் பரவத் தொடங்கியது. அது வெறும் புனைவு. அத்தொடரின் தோற்றத்தை மொழியியலாளர்கள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. கதை சுவையாக இருப்பதனால் மட்டும் அது வரலாறாகிவிடாது.

இந்தக் கற்றல் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1826இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். எம்மவர்களின் பேச்சை விளங்கிக்கொள்ள இலக்கண நூல் போதாது என்பதை உணர்ந்த அவர், பழமொழிகளைத் திரட்டத் தொடங்கினார். 1840களில் யாழ்ப்பாணத்தில் முதலில் வெளியான அவரது தொகுப்பு, 1870களில் சென்னையில் விரிந்து வெளிவந்தபோது 6,000க்கும் அதிகமான பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டிருந்தது.

இன்று எம்மவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழ்கிறார்கள். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் 'லெட்ஸ் கோல் இட் எ டே' என்றால், இன்றைக்கு இவ்வளவும் போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம் என்பதை மூத்தவர்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிள்ளைகளோ அதைக் கற்காமலே பேசுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாதவை எங்கள் தொடர்கள்.

அகதி விண்ணப்ப நேர்காணல் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். 'மகனை வெள்ளை வானில் கொண்டுபோய்விட்டார்கள்' என்று ஒரு தாய் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிறார். எதிரே இருக்கும் அதிகாரிக்கு அது ஒரு வாகனத்தின் நிறம் மட்டுமே. 2000களின் பிற்பகுதியில் கொழும்பில் வாழ்ந்த எந்தத் தமிழனுக்கும் அச்சொற்கள் இரண்டும் சேர்ந்தால் என்ன பொருள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இலக்கத்தகடு இல்லாத வாகனம், அடையாளம் தெரியாத ஆட்கள், திரும்பி வராத பிள்ளை. 'இயக்கத்துக்குப் போய்விட்டான்' என்பதும் அப்படித்தான். 'இயக்கம்' என்பதற்கு அகராதி தரும் பொருள், அசைவு.

அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் சொல்லோடு நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே பிசகிப்போகலாம். ஆங்கிலேயனின் நெல்சனையும் ஹொப்சனையும் நாம் சிரமப்பட்டுக் கற்றோம். எங்கள் சொற்கள் பிறந்த இடத்தையும் எழுதிவைப்பது எங்கள் கடமை. அங்கு பிறந்து வளரும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவற்றை வேறு யாரும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.