புத்தகமே டிக்கெட், பட்டனைத் தட்டினால் கதை... ரயில் பயணிகளை வாசிக்க வைக்க 3 நகரங்கள் செய்தது என்ன?

மெட்ரோவில் ஏறியதும் கை தானாக செல்போனுக்குப் போய்விடும். அந்த 10, 20 நிமிடத்தை வாசிப்புக்குத் திருப்ப முடியுமா? நியூயார்க், சாவோ பாலோ, லண்டன் ஆகிய 3 நகரங்களில் இதற்கு டெக்னாலஜியை வைத்து முயற்சி நடந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நியூயார்க்: பயண நேரத்துக்கு ஏற்ற கதை

2016 ஆகஸ்டில் நியூயார்க் போக்குவரத்து ஆணையமான எம்டிஏ, பெங்குயின் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்துடன் சேர்ந்து 'சப்வே ரீட்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அப்போது 175 சுரங்க ஸ்டேஷன்களில் வைஃபை வந்திருந்தது. ஆனால் ரயில் கிளம்பி சுரங்கத்துக்குள் போனால் சிக்னல் கட்! அதனால் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். எத்தனை நிமிடப் பயணம் என்று சொன்னால் போதும், 10, 20, 30 நிமிடத்தில் படித்து முடிக்கிற சிறுகதையோ நாவல் பகுதியோ இலவசமாகக் கிடைத்தது.

சாவோ பாலோ: புத்தகத்தைக் காட்டினால் கேட் திறக்கும்

பிரேசிலின் எல் & பிஎம் பதிப்பகம் 2015-ல் உலக புத்தக தினத்தையொட்டி 'டிக்கெட் புக்ஸ்' கொண்டுவந்தது. பாக்கெட் சைஸ் புத்தகம். அட்டைக்குள் மெட்ரோ கார்டில் இருப்பது போன்ற ஆர்எஃப்ஐடி சிப். ஸ்டேஷன் நுழைவாயிலில் புத்தகத்தை வைத்தால் கேட் திறந்தது. ஒரு புத்தகத்துக்கு 10 பயணம் இலவசமாக இருந்தது. தீர்ந்ததும் ஆன்லைனில் ரீசார்ஜ் செய்து, படித்து முடித்த புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடிந்தது.

லண்டன்: பட்டனைத் தட்டினால் கதை

2019-ல் அலுவலகங்கள் நிறைந்த கேனரி வார்ஃப் பகுதியில் கதை மெஷின்கள் வைக்கப்பட்டன. தயாரித்தது பிரான்சின் கிரெனோபிள் நகரைச் சேர்ந்த ஷார்ட் எடிஷன் நிறுவனம். 1, 3, 5 நிமிடம் என 3 பட்டன்கள். ஒன்றைத் தட்டினால், கடை பில் மாதிரி நீளமான தாளில் முழுக் கதை பிரிண்ட் ஆகி வந்தது. காசு வாங்கவில்லை.

இதில் யாருக்கு லாபம்?

'படிக்க நேரமில்லை', 'எதைப் படிப்பதென்று தெரியவில்லை' என்ற இரண்டு சாக்குகளுக்கும் இந்த முயற்சிகளில் பதில் இருக்கிறது. ஆனால் விளம்பர நோக்கமும் இருக்கிறது. சப்வே ரீட்ஸ் 8 வாரம்தான் நடந்தது. புதிய வைஃபையைப் பிரபலப்படுத்துவதும் அதன் நோக்கம். நாவல் பகுதி பிடித்துப்போனால் மீதியைப் படிக்க முழுப் புத்தகத்தை வாங்கணும். டிக்கெட் புக்ஸும் பதிப்பகத்துக்கான விளம்பரம்தான். லண்டன் மெஷினிலோ தொடக்கம் முதல் முடிவு வரை கையில் கிடைத்துவிட்டது. அடுத்து எதையும் வாங்கத் தேவையிருக்கவில்லை.

8 வாரத்தில் ஒரு திட்டம் முடிந்துவிடலாம். ஆனால் தினமும் அதே ரயிலில் போகிறவருக்கு நாளைக்கும் ஒரு கதை வேண்டும். அந்த இடத்தில் நூலகம்தான் கைகொடுக்கும். நியூயார்க் உத்தி மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்: சிக்னல் இருக்கும்போதே, பயண நேரத்துக்கு ஏற்ற ஒரு கதையை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.