உறக்கமின்றிப் பணிபுரிவோர்

பெரிய மருத்துவமனைகளில் ‘ரெசிடென்ட் டாக்டர்’ என்றொரு பதவி இருப்பதை நேயர்கள் அறிவார்கள். பட்டம் பெற்றபின் மேற்படிப்புப் பயின்றுகொண்டே நோயாளிகளையும் கவனித்துவரும் இளம் மருத்துவர்களுக்கு இப்பெயர் வழங்குகிறது. ‘உறைபவர்’ என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். எங்கே உறைபவர் என்றால், மருத்துவமனையிலேயே! தமிழகத்தை விட்டு டில்லிக்கும் மும்பைக்கும் சண்டிகருக்கும் சென்று இப்பணியில் அமர்ந்திருக்கும் நம் இளைஞர் பலர். ‘கண்ணை மூடி இரண்டு நாளாயிற்று’ என்று மகனோ மகளோ தொலைபேசியில் சொல்லும்போது, இது இக்காலத்தில் முளைத்த துன்பம் என்று பெற்றோர் எண்ணக்கூடும். அவ்வாறன்று, இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1889-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பெற்றது. மருத்துவப் பகுதிக்கு வில்லியம் ஆஸ்லரும் அறுவைப் பகுதிக்கு வில்லியம் ஹால்ஸ்டெடும் தலைமை பூண்டனர். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்து, இரவு பகல் என்ற வேற்றுமையின்றிப் பணிபுரிந்து, அதன் வாயிலாகவே கலையைக் கற்கவேண்டும் என்ற முறை அங்கே வேரூன்றிற்று. அவர்கள் மணம் புரியாதிருப்பதே எதிர்பார்க்கப்பட்டது. ஹால்ஸ்டெடின் பகுதியில் பயிற்சி இத்தனை ஆண்டில் முடியும் என்ற உறுதியும் கிடையாது. இம்முறையால் நன்மை விளையவில்லை என்று நாம் கூறமாட்டோம். அறுவை மருத்துவத்தில் ஒரு தலைமுறையையே அது உருவாக்கிற்று. ஆயினும், அதை வகுத்தவரின் வாழ்க்கையையும் சற்று நோக்கவேண்டும்.

கொக்கேயின் என்னும் மருந்து உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் என்பது 1884-இல் தெரியவந்தபோது, நியூயார்க்கில் இருந்த ஹால்ஸ்டெட் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். அதற்கு அடிமையும் ஆனார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். கொக்கேயினின் இடத்தை மார்ஃபின் பிடித்துக்கொண்டது. பால்டிமோரில் பெரும்புகழ் பெற்ற ஆண்டுகளிலும் அது அவரை விடவில்லை. இதை அறிந்திருந்த ஆஸ்லர் இரகசியக் குறிப்பாக எழுதிவைத்தார். அக்குறிப்பு 1969-இல்தான் உலகிற்கு வெளியாயிற்று. இடைவிடா உழைப்பைப் பிறர்க்கு அளவுகோலாக வகுத்தவர், மருந்தின் துணையின்றித் தம் நாளைக் கழிக்க இயலாதவராய் இருந்தார் என்பதை அவர் மாணாக்கரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

அதே ஹால்ஸ்டெடின் அறுவைக்கூடத்தில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலி பணியாற்றினார். கிருமியைக் கொல்லும் பாதரச உப்புக் கரைசலில் நாள்தோறும் கைகளை நனைத்ததால் அவர் தோல் புண்ணாயிற்று. ஹால்ஸ்டெட் ஒரு ரப்பர்க் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய கையுறைகளைச் செய்வித்துக் கொடுத்தார். 1890-இல் அவ்விருவரும் மணந்துகொண்டனர் என்பது கதையின் இனிய பகுதி. அக்கையுறையே பின்னர் உலகெங்கும் அறுவைக்கூடங்களில் இன்றியமையாததாயிற்று. தொழிலால் வந்த கைப்புண்ணைக் கண்டவுடன், ‘பொறுத்துக்கொள், இது தொண்டு’ என்று அந்தச் செவிலிக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை; வேலை செய்யும் முறையே மாற்றப்பட்டது. மனத்தில் விழும் புண்ணுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

அப்புண்ணுக்கு ஒரு பெயர் கிடைக்கவே 1974 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையம் ஒன்றில், பகல் வேலை முடிந்தபின் இரவிலும் உழைத்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர், தம்மிடத்தும் தம் தோழர்களிடத்தும் கண்ட சோர்வை ‘பர்ன்-அவுட்’ என்று குறித்தார். எண்ணெய் வற்றியபின் திரி கருகுவதைப் போன்ற நிலை. 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தார் தங்கள் நோய்ப்பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதற்கு விளக்கம் தந்தபோது, இது நோயன்று, சீர்செய்யப்படாத நீடித்த பணியழுத்தத்தால் விளையும் நிலை என்று வரையறுத்தனர். அதாவது, ஆராயவேண்டியது பணியாளரின் மனவுறுதியை மட்டுமன்று, பணியிடத்தையும்தான்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு (போர் என்பது இங்கே தலைவரின் பெயர், சண்டையன்று) 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. சென்னையின் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். அன்று 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர், 43,000 மக்களுக்கு ஒரு செவிலி என்ற கணக்கை அக்குழு வெளியிட்டது. இந்த இரண்டாம் எண்ணை நேயர்கள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நகரத்துக்கு ஒரு பெண்! அவள் எத்தனை மணி நேரம் நின்றாள், எங்கே உண்டாள், எப்பொழுது உறங்கினாள் என்ற கேள்விகள் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

1954-இல் சென்னை மாநிலச் சுகாதார அமைச்சராயிருந்த ஏ. பி. ஷெட்டியின் தலைமையில், செவிலியரின் ஊதியத்தையும் பணிநிலையையும் ஆராய ஒரு குழு அமைந்தது. 1987-இல் மத்திய அரசு மீண்டும் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் சரோஜினி வரதப்பன் அம்மையார். செவிலியருக்கு வாரத்தில் 40 மணி வேலை, கூடுதலாக உழைத்த நேரத்திற்கு ஈடாக விடுப்போ ஊதியமோ, எழுத்து வேலை முதலான பிற சுமைகளிலிருந்து விடுதலை ஆகியவற்றை அக்குழு 1989-இல் பரிந்துரைத்தது. அறிக்கை நன்று. ஆனால் அதனைப் பல மருத்துவமனைகள் ஏட்டளவிலேயே வைத்துவிட்டன. இன்றும் இரவு முறையில், ஒருவர் பார்க்கவேண்டிய கட்டில்களின் எண்ணிக்கையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

இளம் மருத்துவர்களுக்கும் ஆணை பிறக்காமலில்லை. 1992 ஜூன் 5-ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் பிறப்பித்த உத்தரவு, தொடர்பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணியையும் வாரத்துக்கு 48 மணியையும் மிஞ்சலாகாது என்கிறது. முறைவைத்து வார விடுமுறையும் உண்டு என்கிறது. ‘சாதாரணமாக’ என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு அகலமான வாயில் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

2020 மார்ச் 22-ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் மக்கள் கைதட்டியும் தட்டுகளை ஒலித்தும் மருத்துவப் பணியாளரைப் பாராட்டினார்கள். மே 3-ஆம் நாள் விமானப்படையினர் மருத்துவமனைகள்மீது மலர் தூவினார்கள். அப்பாராட்டு உண்மையானதே, அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து நின்றவர்க்கு மலரைவிடத் தேவையாயிருந்தது, அடுத்த முறைக்கு வந்து நிற்க இன்னொருவர்.

2024 ஆகஸ்ட் 9-ஆம் நாள் கொல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடுமையாகக் கொல்லப்பட்டார். அவர் 36 மணி நேரப் பணியில் இருந்தவர் என்ற செய்தி, பாதுகாப்பின்மையோடு பணிநேரத்தையும் நாட்டின் கண்முன் நிறுத்திற்று. அதே மாதத்தில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவரின் மனநலம் குறித்த தன் அறிக்கையை வெளியிட்டது. கேள்விகளுக்கு விடையளித்த மேற்படிப்பு மாணவர்களுள் 31.2 விழுக்காட்டினர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு எழுந்ததுண்டு என்றனர். ஆகவே பணிநேரம் வாரத்துக்கு 74 மணியை மிஞ்சலாகாது என்று குழு பரிந்துரைத்தது. 1992-இன் உத்தரவு 48 மணி. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் நாம் சீர்திருத்தமாகக் கேட்பது 74 மணி!

மருத்துவக் கல்லூரிகளில் ‘டெலி-மானஸ்’ உதவியை இரவும் பகலும் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் அக்குழு கூறியது. 2022 அக்டோபர் 10-இல் அரசு தொடங்கிய இலவசத் தொலைபேசி மனநலச் சேவை இது, எண் 14416. இருபது மொழிகளில் அங்கே பேசலாம். வேற்றூரில் உத்தியோகத்துக்காக நாளெல்லாம் பிறமொழி பேசும் நம்மவர் ஒருவர், நள்ளிரவில் தம் மனத்தைத் திறக்க நேர்ந்தால், அவ்விருபதில் தமிழும் ஒன்று.