வங்காளக் கரையும் ஆதிமனிதர் வழியும்

ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஆதிமனிதர் பரவியதைக் காட்டும் நிலப்படங்களில், இந்தியக் கரையை ஒட்டி வரும் அம்புக்குறி வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியில் வளைந்து கிழக்கே திரும்பும். இன்று கொல்கத்தாவின் நியூ டவுன் எழுந்துள்ள பகுதியை ஒட்டியே அக்கோடு செல்கிறது. ஆனால் அங்கே அதற்குச் சான்றாக ஒரு கல்லைத் தேடுவதுகூட வீண்.

காரணம் நிலத்தின் வயது. சதுப்பும் வயலுமாக இருந்த தாழ்நிலத்தில் எழுந்த நகரம் நியூ டவுன்; அதன் அடியில் இருப்பது கங்கைக் கழிமுக வண்டல். 1835-40இல் வில்லியம் கோட்டையில் 481 அடி ஆழம் துளையிட்டும் அடிப்பாறை தென்படவில்லை. அதே நூற்றாண்டில் சியால்டாவில் குளம் வெட்டியபோது, சுமார் 30 அடி ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்பட்டன. அந்த அலையாத்திக் காடே ஆதிமனிதர் காலத்துக்கு மிகவும் பிந்தியது. மேலும், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதற்கு முன்பு மனிதர் கிழக்கே நகர்ந்த காலத்திலும் கரை இன்றுள்ள இடத்தில் இல்லை. அவர்கள் நடந்திருக்கக்கூடிய கரை கடலடியிலோ வண்டலடியிலோ புதைந்துள்ளது. சான்றின்மையைக் கொண்டு அவ்வழி எவரும் வரவில்லை எனல் தவறு. வந்தனர் என உறுதிகூறுவதும் தவறே. பாடநூல்களின் தடித்த அம்பு இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறது.

வங்காளத்தில் காலம் கணிக்கப்பட்ட சான்று மேற்கே, சோட்டாநாக்பூர் பீடபூமியின் விளிம்பில் உள்ளது. புருலியா மாவட்டத்து அயோத்தியா மலையடிவாரத்தில், கானா, மகாதேப்பேரா ஆகிய இடங்களில் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிஷ்ணுப்பிரியா பாசக் குழுவினர் நுண்கற்கருவிகளை அகழ்ந்தெடுத்தனர். கருவிகள் கிடந்த மண் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்பதை ஒளிர்வுமுறையால் அளந்து 2014இல் வெளியிட்டனர்: கானாவில் சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முன், மகாதேப்பேராவில் 34,000 முதல் 25,000 ஆண்டுகளுக்கு முன்.

இவ்வெண்கள் ஒரு பழைய வழக்கில் வந்து சேர்கின்றன. நுண்கருவி நுட்பம் 60,000-50,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கரைவழி வந்தோர் கொணர்ந்தது என்பது பால் மெல்லர்ஸின் கட்சி. மக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டனர், நுட்பம் இங்கேயே உருவானது என்பது மைக்கேல் பெட்ராக்லியாவின் கட்சி. கானாவின் காலம் எவரையும் வீழ்த்தவில்லை. எனினும் அது கரையை விட்டு நெடுந்தொலைவில், மலைச்சரிவில் கிடைத்தது. உள்நாட்டு வழிகளை இனி ஒதுக்க இயலாது.

அங்கே கருவி செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்திலும் இதே நிலைதான்: சுமார் 385,000 ஆண்டுப் பழமையான இடைப் பழங்கற்காலக் கருவிகள் உண்டு, அவற்றைச் செய்தது எந்த மனித இனம் என்று சொல்ல ஒரு பல்கூட இல்லை.