தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேனல் கிளினிக் வரை

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் கண்டால், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்பதை விட, எந்த கிளினிக் முதலாளியின் பேனலில், அதாவது அவர் செலவை ஏற்கும் கிளினிக்குகளின் பட்டியலில், இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மக்கள் அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் பொது மருத்துவக் காப்புறுதி மலேசியாவில் இல்லை. அரசாங்கம் வரிப்பணத்தில் தன் கிளினிக்குகளை நடத்துகிறது. தனியார் கிளினிக்கில் தொழிலாளியின் செலவை முதலாளி ஏற்றால் உண்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் சொந்தக் காசு. இதை இன்றைய கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறோம். இதன் வேர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

கதை மலேரியாவில் தொடங்குகிறது. 1901இல் திறந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மலேரியாவால் சில மாதங்களிலேயே மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி நோயை அடக்கினார். தோட்டங்களிலோ தமிழ்த் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். அதைத் தடுக்க வந்த தொழிலாளர் சட்டங்கள் ஆஸ்பத்திரியையும் டிரெஸ்ஸர் எனும் மருத்துவ உதவியாளரையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டன. டிரெஸ்ஸருக்குச் சம்பளம் தந்தது தோட்டம். ஆள் வேலைக்குப் போகலாமா என்று சொன்னவரும் அவரே. நோயாளியின் நலமும் துரையின் கணக்கும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. அந்தச் சட்டங்கள் இல்லாமல் போயிருந்தால் அந்த மருந்தும் கிடைத்திருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் விலை பிறகு தெரிந்தது. 1950களில் தொடங்கிய கிராமப்புற சுகாதாரத் திட்டம் கம்பங்கள் எனும் கிராமங்களுக்கு கிளினிக்குகளைக் கொண்டுபோனபோது, தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளவர்களை முதலாளி பார்த்துக்கொள்வார் என்று ஒதுக்கப்பட்டது. அந்தக் காலத்திலேயே பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் தோட்டத் துண்டாடலும் நடந்தது. பெரிய கம்பெனி போனதும் அதன் மருத்துவப் பொறுப்பும் போயிற்று. பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது, கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் நகர்ந்த குடும்பங்கள் வீட்டோடு மருத்துவப் பொறுப்பாளரையும் இழந்தன. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வேலையிட விபத்தையும் உடல் இயலாமையையும் கவனித்தது. சாதாரணக் காய்ச்சல் அதன் கணக்கில் இல்லை.

ஒரு வெள்ளிக்கு அரசாங்க கிளினிக் இருக்கும்போது இந்தக் குறை எதற்கு என்று கேட்கலாம். வலுவான கேள்வி. குடிமக்களுக்கு ஒரு வெள்ளியில் டாக்டரும் மருந்தும் தரும் நாடுகள் அதிகமில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த கிளினிக்கின் வரிசை பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் நிற்கிறது. நாட்கூலிக்காரருக்கு ஒரு காலைப்பொழுது என்பது கூலி. வெளிநாட்டவருக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து துணிக்கடையிலும் உணவகத்திலும் நிற்கும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். 2011இல் அந்நியத் தொழிலாளர்களுக்குக் கட்டாயமான காப்புறுதி, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். காய்ச்சலோடு கிளினிக் வாசலில் நிற்பவருக்கு முதலாளியின் மனமே காப்புறுதி. தோட்டத்தில் அவருடைய தாத்தா காலத்து ஆள் நின்ற இடமும் இதுதான்.

2023 ஜூனில் மடானி மருத்துவத் திட்டம் வந்தது. கோலாலம்பூர், கிள்ளான் உட்பட பத்து மாவட்டங்களில் தொடங்கி, அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி வரை, பதிந்துகொண்ட தனியார் கிளினிக்கில் இலவசச் சிகிச்சை தந்தது. தொகை சிறியது. ஆனாலும் பக்கத்து கிளினிக்கின் கதவு வேலையை வைத்து அல்லாமல், குடும்ப வருமானத்தை வைத்துத் திறந்ததை நான் பெரிய மாற்றமாகவே காண்கிறேன். அதன் எல்லையும் நமக்கு முக்கியம்: இருமல், காய்ச்சல் போன்ற திடீர் நோய்களுக்குத்தான் அது வந்தது. மலேசிய இந்தியரை அதிகம் வாட்டும் நீரிழிவு அதில் சேர்க்கப்படவில்லை. 2019இல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், குறைந்த வருமானக்காரர் நாற்பது வயதுக்கு மேல் தனியார் கிளினிக்கில் இலவசமாகச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளலாம். கண்டுபிடித்த சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க அரசாங்க கிளினிக் வரிசைக்கே போக வேண்டும்.