ஆணைக்கும் ஆதரவுக்கும் இடையே: இந்திய நகரங்களில் புகையை விடுதலின் வரலாறு

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்புகளில் 1617ஆம் ஆண்டைச் சார்ந்து புகையிலை பற்றிய ஒரு சிறு பத்தி வருகிறது. புகையிலை பெரும்பாலோரின் உடலுக்குக் கேடு செய்வதால் எவரும் புகைக்கலாகாது எனத் தாம் ஆணையிட்டதை அவர் பதிவு செய்கிறார். தடைகளின் வரலாற்றை எழுதுவோர் இவ்வரியை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவர். ஆனால் பத்தி அத்துடன் முடிவதில்லை. ஈரானில் ஷா அப்பாஸும் அதே தடையை விதித்திருந்தார். அங்கே ஜஹாங்கீரின் தூதராக இருந்த கான் ஆலமோ ஒரு கணமும் புகையின்றி இருக்க இயலாதவர். செய்தி ஷாவின் செவிக்கு எட்டுகிறது. நண்பரின் தூதர் என்பதால் அவர் ஒரு கவிதையாலேயே இசைவளித்துவிடுகிறார். தடையும் தடையால் திருத்த முடியாத மனிதரும் ஒரே பத்தியில் அருகருகே நிற்கின்றனர்.

அதே நூலில் மற்றோர் இடமும் உண்டு. இளமையில் நாளொன்றுக்கு இருபது கிண்ணம் கடுஞ்சாராயம் அருந்தியதையும், கை நடுக்கத்தால் கிண்ணத்தைப் பிறர் பிடித்துப் புகட்ட வேண்டியிருந்ததையும் ஜஹாங்கீர் ஒளிவின்றி எழுதுகிறார். அரண்மனை மருத்துவர் ஹக்கீம் ஹுமாம் கடுமையாக எச்சரித்தபின், ஏறத்தாழ ஏழாண்டுக் காலத்தில் படிப்படியாக ஆறு கிண்ணமாகக் குறைத்துக்கொண்டார். உண்மையை முகத்துக்கு நேரே சொல்ல ஒரு மருத்துவர், சிறுகச் சிறுகக் குறைப்பதற்கான கால அவகாசம், தவறினாலும் மீண்டும் முயலும் வாய்ப்பு ஆகிய மூன்றும் பேரரசருக்கு வாய்த்தன. அவருடைய குடிகளுக்குப் புகையிலையைப் பொறுத்தவரை வாய்த்தது ஆணை மட்டுமே. சுதந்திர இந்தியாவின் புகையிலைக் கொள்கையைப் படிக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு என் நினைவுக்கு வருகிறது.

1975ஆம் ஆண்டின் சிகரெட் சட்டம் பெட்டியின்மீது எச்சரிக்கை வாசகம் ஒன்றை அச்சிடச் செய்தது. உழைக்கும் மக்கள் மிகுதியாகப் புகைத்த பீடி அதன் வரம்புக்குள் வரவில்லை. அடுத்த பெருமாற்றம் 1990களில் நகரங்களிலிருந்து தொடங்கியது. தில்லி 1996இல் பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைத்தல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமைக்கு எதிரானது என்றும் தண்டனைச் சட்டத்தின்படி பொதுத்தொல்லை என்றும் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2001 நவம்பர் 2ஆம் நாள் மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், பொது ஊர்திகள் முதலியவற்றில் புகைப்பதற்குத் தடை விதித்தது. 2003இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 2007 ஜூலையில் சண்டிகர் புகையற்ற நகரமாக அறிவிக்கப்பட்டது. 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன.

காந்தி பிறந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவருடைய தன்வரலாற்றை நினைவில் கொண்டிருந்தார்களா என்று தெரியவில்லை. சிறுவனாக இருந்தபோது சிற்றப்பன் எறிந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், புகை வாங்குவதற்காக வேலையாளின் காசைத் திருடியதையும் அதில் அவர் எழுதியிருக்கிறார்.

இந்தத் தீர்ப்புகளும் சட்டங்களும் அருகிருப்போரின் நுரையீரலைக் காத்த பெரும் வெற்றிகள். அதில் எனக்கு ஐயமில்லை. புகைக்க இடமில்லாமற்போவதே பலரை விடத் தூண்டுகிறது என்பதும் உண்மை. எனினும் இச்சட்ட மொழியில் புகைப்பவர் யாராகத் தோன்றுகிறார் என்று பார்க்க வேண்டும். அவர் காற்றைக் கெடுப்பவர், தொல்லை தருபவர், 200 ரூபாய் தண்டம் கட்ட வேண்டியவர். விட விரும்பி முடியாமல் தவிப்பவராக அவர் பெரிதும் தோன்றுவதில்லை.

அந்த மனிதரை முதன்முறையாக நாடளாவிய முறையில் அரசு எதிர்கொண்டது 2002இல்தான் எனலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடுவண் சுகாதார அமைச்சகம் புகையிலை விடுவிப்பு மையங்கள் பதின்மூன்றைத் தொடங்கியது. புற்றுநோய் மருத்துவமனை, மனநல நிறுவனம், மார்புநோய் நிலையம் எனப் பலவகை இடங்களில் அவை அமைந்தன. பெங்களூரின் நிம்ஹான்ஸும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றுள் அடங்கும். முதல் ஐந்தாண்டுப் பதிவுகளின்படி, ஆறாவது வாரத்தில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் முற்றாக விட்டிருந்தனர். 22 விழுக்காட்டினர் பாதிக்குமேல் குறைத்திருந்தனர். முதற்பார்வையில் இவ்வெண்கள் ஏமாற்றமளிக்கலாம். நிக்கோட்டின் எத்தகைய பிடி கொண்டது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். விட்ட முதல் சில நாள்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் உச்சமடைந்து, மூன்று நான்கு வாரங்களில் தணிகின்றன. அந்த வாரங்களைத் தனியாகக் கடப்பதற்கும் பேச ஒருவர் இருக்கக் கடப்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. பலருக்கு ஒரே முயற்சியில் கைகூடுவதில்லை. தோல்வி என்று அவர்கள் எண்ணுவது பெரும்பாலும் பயிற்சியே.

நாடு தழுவிய தேவைக்கு ஒரு சில மையங்கள் எம்மூலைக்குப் போதும்? 2016இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்புநோய் நிலையத்தில் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. எண் 1800-11-2356. 2018இல் பெங்களூரு, மும்பை, குவாஹாட்டி ஆகிய நகரங்களுக்கும் அது விரிந்ததால் மாநில மொழிகளிலும் ஆலோசனை பெற வழி பிறந்தது. 2022இல் நிக்கோட்டின் மாற்று மருந்து தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது 2009இலேயே இடம்பெற்றுவிட்டது.

விருப்பம் இல்லாததே சிக்கல் என்று இன்னும் பலர் பேசுகின்றனர். 2016-17இன் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. புகைப்போரில் 55.4 விழுக்காட்டினர் விடத் திட்டமிட்டோ விட எண்ணியோ இருந்தனர். 38.5 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் முயன்றும் பார்த்தனர். மருத்துவரிடம் சென்ற புகைப்பவர்களில் விடுமாறு அறிவுரை பெற்றவர்கள் 48.8 விழுக்காட்டினர் மட்டுமே. மீதிப் பாதியினரிடம் அந்த ஒரு வாக்கியம்கூடச் சொல்லப்படவில்லை. ஹக்கீம் ஹுமாம் செய்தது அதைத்தான்.

நகரவாசிகளுக்கே உரிய மற்றொரு முரணையும் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பர் முதல் அந்தத் தொலைபேசி எண் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகிறது. ஆனால் பல்கலைக்கழக வாயில் தேநீர்க் கடையிலும் அலுவலகத் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் பெட்டியாக வாங்குவோர் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் பலர் வாங்குகின்றனர். படமும் எண்ணும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. நெருப்பு மட்டும் வாங்குபவர் கைக்கு வருகிறது. கருநாடகம் 2017இலும் மகாராட்டிரம் 2020இலும் உதிரி விற்பனையைத் தடை செய்தன. தடை மறுபடியும் கடையைத்தான் நோக்குகிறது. எண்ணை வாங்குபவரிடம் சேர்ப்பது எவ்வாறு என்ற வினா அப்படியே நிற்கிறது.

விடுதியிலோ ஆய்வகத்திலோ உங்களுடன் இருப்பவருக்கு அந்த எண் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெட்டி கைக்கு வராத நண்பருக்காக மீண்டும் எழுதுகிறேன்: 1800-11-2356. அழைக்கத் தயங்கினால், முதல் அழைப்பின்போது அருகில் அமர்ந்திருங்கள்.