கிழங்கு இருக்கிறது, வாங்க ஆளில்லை!

கனடாவின் மிகச் சிறிய மாகாணம் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. செம்மண் பூமி. உருளைக்கிழங்குதான் அங்கே முக்கியப் பயிர்.

2000 அக்டோபரில் அங்கே ஒரே ஒரு வயலில் 'மரு நோய்' கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கின் மேல் காலிஃபிளவர் போலக் கட்டி கிளம்பும். சாப்பிடுபவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணில் 40 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அமெரிக்கா எல்லையை மூடிவிட்டது.

விளைச்சல் குறைந்தால் விலையாவது ஏறும். இங்கோ கிடங்கு நிறையச் சரக்கு, வாங்க ஆளில்லை. நல்ல கிழங்கையே அழித்துவிட்டு விவசாயிகள் அரசிடம் போய் நின்றார்கள். 2001-ல் கட்டுப்பாடுகளோடு எல்லை திறந்தது.

2021 நவம்பரில் மீண்டும் அதே கதை. இம்முறை அமெரிக்காவுக்கான ஏற்றுமதியைக் கனடாவே நிறுத்தியது. டிசம்பரில் 2.8 கோடி கனடிய டாலர் வரை உதவி அறிவித்தது. கொஞ்சம் கிழங்கு உணவு வங்கிகளுக்குப் போனது. மலைபோல் மிஞ்சியதைப் பனி அள்ளும் இயந்திரத்தில் நொறுக்கி வயலில் கொட்டினார்கள். அமெரிக்கப் பெருநிலத்துக்கு விற்பனை தொடங்கியது 2022 ஏப்ரலில்தான்.

அவர்கள் கேட்டது சலுகையா? வணிகவியல் மாணவனாக எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடையால் பிழைத்தது ஊரார் வயல். நட்டம் மட்டும் ஒரு தீவின் கணக்கில். பலன் பொது என்றால், செலவும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.